பிள்ளைச்சாவடியில் பூட்டிக்கொண்ட கேரவன்

இது நடந்தது. நான் அதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அந்த வெக்கையில் மூளை சிலவற்றைக் கூட்டியிருக்கலாம். ஆனால் வெளியே நின்ற இருசப்பன் பார்த்ததை நான் எப்படிக் கூட்ட முடியும்?

பழைய வேன் ஒன்றை வாங்கி உழவர்கரைப் பட்டறையில் கேரவனாக மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் பெட்டி போல ஓர் அறை, கட்டில், சிறிய அடுப்பு. வேலை பாதியில் நின்றிருந்தது. கதவுக்கு உள்கைப்பிடி இன்னும் வரவில்லை. மின்பூட்டுதான்; பூட்டிவிட்டால் சுவிட்சை அழுத்தித்தான் திறக்க வேண்டும். ஜன்னல்கள் தடித்த பிளாஸ்டிக். திறக்காது.

சித்திரையில் ஒரு ஞாயிறு. ஐந்து வயது மகள் மஹீராவோடு வெள்ளோட்டம் போனேன். பிள்ளைச்சாவடியில் கடல் பார்க்க நிறுத்தினோம். கிளம்பும்போது சாவியைத் திருகினால்... டக். அவ்வளவுதான். பாட்டரி செத்திருந்தது.

எங்களுக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் இருசப்பன் தன் வீட்டிலிருந்து ஒரு படகுப் பாட்டரியைத் தூக்கி வந்தார்.

“சும்மாதான் கெடக்குது. மாட்டுங்க பாய். மீன் நாத்தம் அடிச்சா என்னிய திட்டக்கூடாது.”

“டீ வாங்கிக் குடுத்தா திட்ட மாட்டேன்.”

சிரித்துக்கொண்டே போனார்.

பாட்டரி இருப்பது கட்டிலுக்கு அடியில். மஹீரா மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். மணல் காற்று வந்ததால் கதவைச் சும்மா சாத்தி வைத்தேன். பாட்டரியின் ஒரு முனையில் சிவப்பு தெரிந்தது. சிவப்பென்றால் பிளஸ். சிவப்பு வயரை அதிலும் கறுப்பை மற்றதிலும் மாட்டினேன்.

படீர்! பொறி பறந்தது. பிறகு... க்ளிக். கதவு பூட்டிக்கொண்டது.

விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தேன். குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. பொட்டு வைக்கிறவர்கள் பிளஸ், மைனஸ் பார்த்தா வைப்பார்கள்?

மணி பன்னிரண்டே முக்கால். போன் முன் சீட்டில். நடுவில் தகரச் சுவர்.

தட்டினேன். கத்தினேன். இருசப்பன் டீயோடு ஜன்னல் அருகே வந்தார். உள்ளே பார்த்தார். தலையாட்டினார். போய் சவுக்கு நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

ஸ்பேனரால் ஜன்னலை அடித்தேன். அவர் திரும்பவே இல்லை.

அரை மணி ஆனபோது மஹீராவின் முகம் சிவந்திருந்தது. வேர்ப்பது நின்றிருந்தது. நேரமில்லை. வயரை மாற்றி மாட்டி, எரிந்த ஃபியூஸுக்குக் குறுக்கே கம்பி சுற்றினால் கதவு திறக்கும்.

கட்டிலுக்கடியில் படுத்தேன். ஒரு நட்டைத் தளர்த்திவிட்டு அடுத்ததைத் தொட்டேன். திரும்பினால், முதல் நட்டு இறுகியிருந்தது.

மறுபடி தளர்த்தினேன். மறுபடி இறுகியது.

தரை ஈரமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி இன்னும் நிரப்பவே இல்லை... உதட்டில் பட்டது. உப்பு.

“அத்தா...”

“என்னம்மா?”

“தள்ளிப் படுன்றாங்க.”

“யாரு?”



கட்டில் பலகை தாழ்ந்தது... என் முதுகைத் தொடும்வரை.

குழந்தையின் பாரம் இல்லை அது.

நான் பார்க்கவில்லை. முதல் நட்டை மறுபடி தளர்த்தி, திரும்ப இறுகாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அந்தக் கைமேல் ஏதோ படர்ந்தது... குளிர்ந்து, ஊறிப்போன விரல்கள்.

விடவில்லை.

வயர் மாறியது. கம்பி சுற்றினேன். ஊர்ந்துபோய் சுவிட்சை அழுத்தினேன்.

க்ளிக்.

மஹீராவை அள்ளிக்கொண்டு மணலில் விழுந்தேன். இருசப்பன் ஓடி வந்தார்.

“ஏண்ணே கதவ ஒடைக்கல?”

“நீங்க தட்டவே இல்லியே பாய். கட்டிலுக்கடியில படுத்திருந்தீங்க. கூட நின்னவருதான் கையக் காட்டுனாரு, இருன்னு.”

“கூட யாரு?”

“மொகம் தெரியல. பாப்பா பக்கத்துல... நனஞ்ச கை.”

ஆஸ்பத்திரியில் மஹீராவுக்கு டிரிப் ஏறும்போதுதான் இருசப்பன் சொன்னார். அந்தப் பாட்டரி அவருடைய அண்ணன் வெற்றிவேல் படகில் இருந்தது. போன ஐப்பசியில் படகு மட்டும் தனியாகக் கரை ஒதுங்கியது. அண்ணன் வருவார் என்று அண்ணி ராஜாம்பாள் மாதாமாதம் பாட்டரிக்கு சார்ஜ் போட்டு வைக்கிறாள்.

மஹீரா மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். பாட்டரியை ராஜாம்பாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெற்றிவேலின் உடல் இதுவரை கிடைக்கவில்லை.