சூசையும் என் கார்ச் சில்லுகளும்

ஊரை நம்பாமல் காரின் சில்லுகளுக்குப் பூட்டு நட்டுப் போட்டேன் என்று கதைக்கிறார்கள். பிழை. பக்கத்து வீட்டுச் சூசையை மட்டுந்தான் நம்பவில்லை.

அவரிடமும் என்னுடையதைப் போன்ற பழைய கார்தான். தன் சில்லுக்குக் காற்றுப் போனால், கேளாமல் என்னுடையதைக் கழற்றுவார். பிறகு மீன் கொண்டுவருவார்.

ஊர் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவது என் கார்தான். முந்தாநாள் ஒரு கர்ப்பிணிப் பிள்ளை பிரசவ வலியோடு மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் போக வந்தபோது, என் கார் மூன்று சில்லோடு கல்லில் நின்றது. பாவம், உழவு இயந்திரத்தில் போனாள்.

இன்று காலை, தனித் திறப்பில்லாமல் கழலாத நட்டு ஒவ்வொன்றை நான்கு சில்லுகளிலும் நானே இறுக்கினேன்.

சூசை வேலிக்கு மேலால் பார்த்தார். “அம்மா, என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

“நீர் தாற மீனிலை இருக்கு.”

“நோயாளியோடை போகேக்கை காத்துப் போனா, ஆர் வந்து கழட்டுறது?”

“நீர்தான்.”

ஆகவே நட்டுகளோடு வந்த இரண்டு திறப்புகளில் ஒன்றை அவரிடமே கொடுத்தேன்.

சூசை, இனிமேல் கேட்டுவிட்டுக் கழற்றுவீரா? பதிலை, நான் இதை ஒட்டியிருக்கிற இந்தக் கோயில் பலகையிலேயே எழுதி ஒட்டும்.