எக்ஸ்ரே சபீராவின் மரக்கேமரா

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற சபீரா புதிதாக ஒரு கேமரா வாங்கியிருக்கிறாளாம், அதன் முன்னால் போய் நின்றால் உடுப்புக்குள் இருப்பதெல்லாம் தெரிந்துவிடுமாம் என்று கொச்கோர் என்ற மலையூரின் சந்தையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சபீராவின் காதுக்கு அது நேராக வந்து சேரவில்லை. அவள் கணவன் மெலிஸ் ஓட்டும் ஷேர் வேனில், பின்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்கள் வழி நெடுக இதைத்தான் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவன் கண்ணாடியில் சாலையைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தேநீர்க் கிண்ணத்தை நீட்டும்போது ஆரம்பித்தான்.

“துணிக்குள்ள இருக்கறதெல்லாம் தெரியுமாமே. நெசமா?”

“தெரிஞ்சா உன்னைத்தான் முதல்ல நிக்க வெச்சிருப்பேன். வேன் காசை நீ எங்க ஒளிச்சு வெக்கிறேன்னு பாத்திருக்கலாம்.”

“அதுக்கு எக்ஸ்ரே எதுக்கு? என் காலுறைய உதறினா விழுந்துடப் போகுது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் சபீராவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பனி உருகியதிலிருந்து தெருவில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பார்க்கிறாள், வந்து உட்கார், ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்று. ஒருத்திக்கு மாவு பிசைய வேண்டியிருந்தது, ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தி வீட்டுக் கன்றுக்குட்டி திடீரென்று தொலைந்துபோயிற்று. காரணம் இப்போதுதான் புரிந்தது.

சபீராவைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. குதிரையிலிருந்து விழுந்தவர்கள், பனியில் வழுக்கியவர்கள், இருமல் நிற்காதவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வர வேண்டும். “மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க.” ஆயுசில் அவள் அதிகம் பேசிய வார்த்தைகள் இவையாகத்தான் இருக்கும். ஊரில் பாதிப் பேரின் விலா எலும்பு அவளுக்குப் பாடம். சந்தையில் யாராவது வணக்கம் சொன்னால் முகத்துக்கும் முந்தி அவர்களுடைய உடைந்து கூடிய தோள்பட்டைதான் அவள் நினைவுக்கு வரும். இத்தனை படம் எடுத்தாளே, ஒன்றையாவது யாராவது சுவரில் மாட்டினார்களா? வாங்கி டாக்டரிடம் கொடுப்பார்கள். அவர் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அதோடு சரி.

போன வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே மெஷின் வந்தது. பழைய பிலிம் பெட்டிகள் இருட்டறையில் அப்படியே மிஞ்சிப்போயின. பெரிய டாக்டர், “தூக்கிப் போடு, இல்லாட்டி நீயே எடுத்துட்டுப் போ, எனக்கு அலமாரி காலியாகணும்” என்றார். எதற்கென்று தெரியாமலே சபீரா பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புது மெஷினைப் பழக அவளைத் தலைநகர் பிஷ்கெக்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் சுற்றும்போது, தேநீர் காய்ச்சும் சமோவார்களுக்கும் பதக்கங்களுக்கும் நடுவில் அந்தக் கேமரா இருந்தது. மரப்பெட்டி. நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி. முன்னால் கனத்த பித்தளை லென்ஸ், பின்னால் மங்கல் கண்ணாடி. சோவியத் காலத்து ஸ்டுடியோவில் நின்றது.

கடைக்காரிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. “ஓட்டலுக்கா? ஓட்டல்காரங்கதான் அலங்காரத்துக்கு வாங்கிட்டுப் போறாங்க. மேல பூச்சாடி வெச்சா அழகா இருக்கும்” என்றாள்.

சபீரா, கூடவே கிடந்த தட்டையான மரக் கேசட்டைத் திறந்தாள். பிலிம் செருகும் இடத்தில் விரல்களை விரித்து வைத்துப் பார்த்தாள். குழந்தைகளின் மணிக்கட்டுக்கு அவள் காலமெல்லாம் எடுத்துப் போட்ட பிலிம் இருக்கிறதே, அச்சாக அதே அளவு. அவள் பேரம் பேசக்கூட மறந்துபோனாள். அந்த நன்றியில் கடைக்காரி, ஈரம் படாத போட்டோ காகிதக் கட்டு ஒன்றைச் சும்மா கொடுத்தாள்.

ஊருக்கு வந்து பழக ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இதில் பாதி வேலை கைக்கு ஏற்கெனவே தெரிந்தது, மறுபாதி சுத்தமாகத் தெரியாதது. பிலிமை ஓரத்தில் மட்டும் பிடிப்பது, சிவப்பு விளக்கில் கழுவுவது, இரண்டு பக்கமும் மருந்து பூசிய பிலிமைக் கீறல் விழாமல் தொங்கவிடுவது, இதெல்லாம் தூக்கத்தில்கூடச் செய்வாள். பழைய இருட்டறையை இப்போது யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் இத்தனை வருஷமும் அவளுடைய வெளிச்சம் ஆளைத் துளைத்துக்கொண்டு போய் பிலிமில் விழுந்த வெளிச்சம். இதுவோ ஆள்மேல் பட்டுத் திரும்பி வருகிறது. எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? லென்ஸில் விசை எதுவும் கிடையாது. மூடியைக் கையால் கழற்றி, கணக்காகத் திரும்ப மாட்ட வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் உலகம் தலைகீழாகத் தொங்குகிறது. முதல் படத்துக்கு, பிலிமை மறைக்கும் கேசட்டின் தகட்டை இழுக்கவே மறந்துபோனாள். அடுத்ததில் துருத்தி ஓட்டை வழியாக வெளிச்சம் புகுந்து, விறகு அடுக்கின் நடுவே ஒரு சூரியன் உதித்திருந்தது. ஆஸ்பத்திரி பிளாஸ்திரியைக் கறுப்பு மசி தடவி ஒட்டினாள்.

கடைசியில் மெலிஸை உட்கார வைத்தாள். படம் தெளிவாக விழுந்தது, மீசை மயிரை எண்ணலாம். ஆனால் மூக்கு மட்டும் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது.

“ஏன்டி, மூக்குல என்ன பூசின?”

“நிழலா இருக்கும்.”

“என் மூக்கு மேல என் மூக்கு நிழலே விழுமா?”

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவில் குடித்துவிட்டுக் காலையில் பனிக்காற்றில் வேன் ஓட்டுகிறவன் மூக்கு எந்த நிறத்தில் இருக்கும் என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

சந்தைப் பேச்சுக்கெல்லாம் பயப்படாமல் அவளிடம் தானாக வந்து உட்கார்ந்தவள் ஒருத்திதான். எதிர்வீட்டு மருமகள் நுர்ஜாதா. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. கணவன் எசென் ரஷ்யாவின் வடக்கே எங்கேயோ கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ மேட்டில் ஏறி நின்று போன் பண்ணுவான். அவன் எண்ணுக்கு மட்டும் அவள் ஒரு கோமுஸ் வாத்திய மெட்டை வைத்திருந்தாள். அது ஒலித்தால் தெருவுக்கே தெரியும், எசென் கூப்பிடுகிறான் என்று.

“அக்கா, அவருக்கு அனுப்பணும். செல்போன் படமெல்லாம் வேணாம்னுட்டாரு, கையில வெச்சுக்கற மாதிரி வேணுமாம்” என்றாள் நுர்ஜாதா. எசென் வாங்கிக் கொடுத்த சிவப்புத் தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். சொன்னபடி மூச்சைப் பிடித்தாள், அசையவில்லை. சபீராவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

படத்தைச் சபீரா எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனபோது, மாமியார் பாத்மாதான் வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருமகளின் தலையில் கன்னங்கரேலென்று ஒரு குட்டை. புருஷனைப் பறிகொடுத்தவள் கட்டுகிற கறுப்பு. காற்றில் சிவந்திருந்த கன்னங்கள் இரண்டும் அழுது வீங்கியவை மாதிரி இருண்டு கிடந்தன.

“இது என்னடி? யார் செத்துட்டான்னு இவளுக்குக் கறுப்புக் கட்டிவிட்ட?”

“அக்கா, நான் ஒண்ணும் கட்டலை. இவ சிவப்புதான் கட்டியிருந்தா...”

“என் கண்ணு அவிஞ்சா போச்சு? உயிரோட இருக்கற பிள்ளைக்கு முன்னால... எலும்பு பாக்கற கண்ணுக்கு வேற எது தெரியும்? போயிடு இங்கேருந்து.”

நுர்ஜாதா தலையிலிருந்த சிவப்புக் குட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள், நிறம் மாறிவிட்டதா என்று பார்ப்பதுபோல.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோமுஸ் மெட்டு ஒலிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இவர்களாகக் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ரஷ்ய மொழியில் ஒரு பெண் குரல் சொன்னது. சபீரா வேலைக்குப் போகும்போது எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஒரு படம் யாரையும் கொல்லாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேமராவைக் கம்பளத்தில் சுற்றிக் கட்டினாள்.

“பரண்ல போட்டுடு. இல்லாட்டி வித்துடு” என்றாள் மெலிஸிடம்.

“ஏன்? என் மூக்கு கறுப்பா விழுந்தப்ப நான் என்ன மூக்கறுந்தா போனேன்? இதோ பாரு, செக்கச்செவேல்னு நல்லாத்தான் இருக்கு.”

சபீரா அவன் மூக்கைப் பார்த்தாள். கையிலிருந்த கயிறு நழுவியது. அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

இருட்டறைக் கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றாள். இந்த விளக்கின் அடியில்தான் ஆயிரக்கணக்கான பிலிமைப் பிரித்திருக்கிறாள். ஒன்றுகூடக் கெட்டதில்லை. ஏன் கெடவில்லை? இந்த பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் வெளிச்சமே இல்லை. அதற்குச் சிவப்பும் இருட்டும் ஒன்று. மூக்கானாலும், கன்னமானாலும், புதுப்பெண்ணின் குட்டையானாலும். தினம் தினம் கையால் செய்ததை ஒருநாளும் தலையால் யோசிக்கவில்லையே என்று வாய்விட்டுச் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது.

திரும்பி வந்ததும் எதிர்வீட்டுக்குப் போனாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னாள். பாத்மா கடைசிவரை கேட்டாள்.

“அதெல்லாம் உன் ஆஸ்பத்திரி விஷயம். எனக்குப் புரியாது” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “சபீரா, அந்தப் படத்தை அடுப்புல போட்டுட்டேன். போட்டும் கண்ணை மூடினா அதுதான் வருது. இவளோட கடைசிப் படம் அதுன்னு இருக்கக் கூடாது. இன்னொண்ணு எடுத்துக் குடு.”

பாத்மா நினைத்திருந்தால் கதவைச் சாத்தியிருக்கலாம், தெருவெல்லாம் சொல்லியிருக்கலாம், யார் ஏனென்று கேட்டிருப்பார்கள்? சபீரா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“கையை விடுடி, மாவா இருக்கு” என்றாள் பாத்மா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெலிஸ் கேமராவைத் தூக்கிவந்து எதிர்வீட்டு ஜன்னலோரம் நிறுத்திக் கொடுத்தான். வெளியே காற்று அதிகம் என்பதால் வீட்டுக்குள். நுர்ஜாதா உட்கார்ந்த மேஜைமேல் ரொட்டி, பாலாடை, ஆப்ரிகாட் ஜாம் என்று விரித்திருந்தார்கள். சபீரா கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வந்ததும், “நானும் பாக்கறேன்” என்று பாத்மா உள்ளே தலையை நுழைத்தாள். உடனே ஒரு அலறல்.

“அய்யய்யோ, ரொட்டிய யாரு கவுத்து வெச்சது?”

“நேராத்தான் இருக்கு அக்கா. கண்ணாடியில அப்படித் தெரியும்.”

பாத்மா வெளியே வந்து, மேஜைக்குப் போய், ரொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். நேராக இருந்தது. திரும்ப வந்து நுழைந்தாள். கவிழ்ந்திருந்தது.

“உங்க மருமகளும்தான் தலைகீழா உக்காந்திருக்கா” என்றான் மெலிஸ்.

“அவ எப்படி வேணா உக்காரட்டும். ரொட்டி கவுறக் கூடாது, வீட்டுக்கு ஆகாது” என்று சொல்லி, ரொட்டியை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தாள்.

“கன்னத்துக்கு என்ன பண்றது அக்கா?” என்றாள் நுர்ஜாதா.

மாவுப் பாத்திரம் பக்கத்திலேயே இருந்தது. பாத்மா விரலில் தொட்டு அவள் கன்னங்களில் மெல்லத் தடவினாள், குழந்தைக்குத் தடவுவதுபோல. பிறகு தன் தலையிலிருந்த வெள்ளைக் குட்டையை அவிழ்த்தாள். கல்யாணத்தன்று செய்தது போலவே மருமகள் தலையில் அதைப் போட்டு, காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் கட்டினாள். பாத்மாவின் நரைத்த தலையைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. மெலிஸ் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இது சரியா விழுமா?” என்று கேட்டாள் பாத்மா.

“வெள்ளை வெள்ளையாவே விழும் அக்கா. சத்தியமா.”

சபீரா கேசட்டைச் செருகினாள். தகட்டை இழுத்தாள். “யாரும் நடக்காதீங்க, பலகைத் தரை ஆடும்” என்றாள். மூடியில் கை வைத்தாள்.

“மூச்சை இழு. பிடி. அசையாதே.”

மூடியைக் கழற்றினாள். அந்த நிமிஷம், ஜன்னல் திண்டில் கிடந்த போனில் கோமுஸ் மெட்டு ஆரம்பித்தது.

யாரும் அசையவில்லை. மெலிஸ் ஒரு காலைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். பாத்மாவின் கை தானாக நீண்டு, பாதியில் நின்றது. நுர்ஜாதாவின் கண்ணில் நீர் திரண்டது. மாவு பூசிய கன்னத்தில் இறங்காமல் அது இமையிலேயே நின்றது. உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு வர ஆரம்பித்தது. அது படத்தில் கொஞ்சம் கலங்கித்தான் விழும். விழட்டும் என்று விட்டாள் சபீரா. பயப்படாமல் தானாக வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

“இருடி, இரு” என்றாள் பாத்மா, உதடு பிரியாமல். “இவ்வளவு நாள் இருந்தோம். அதுக்குள்ள அவன் போனை வெச்சுடுவானா என்ன? இரு.”

சபீரா மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். “விடு” என்று அவள் இன்னும் சொல்லவில்லை. மெட்டு முதல் அடி முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஒலித்துக்கொண்டிருந்தது.