முந்திக்கொண்ட தெரு

ஐரீன் கோவாச் முப்பத்தோரு வருஷமாக எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். அதைவிட அதிக காலமாகக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் டானரி தெருவின் கதவுகளைத் தட்டுகிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது. தேர்தல் முடிந்தால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பீட்சா தருவார்கள், அதுவும் ஆறிப்போயிருக்கும். அவள் பேருந்தில் போய் வந்த பிள்ளைகள்தான் இன்று எங்கள் தெருவின் வாக்காளர்கள். அவள் "உக்காரு" என்றால் உட்கார்ந்து பழகியவர்கள். "செனட்டர் ஹோல்கமுக்குப் போடு" என்றால் போடாமலா இருப்பார்கள்?

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. இங்கே யார் கேட்டாலும் தபால் ஓட்டுச் சீட்டு, நவம்பர் தேர்தலுக்கு முன்பே, செப்டம்பர் கடைசியில் வீட்டுக்கு வரும். மாவட்டத்திலேயே அதை முதலில் நிரப்பி அனுப்பும் தெரு எங்களுடையதாக இருக்க வேண்டும். உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டு அவள் கண்முன்னே தபால் பெட்டியில் போட்டால், அவள் சுட்ட வால்நட் ரோல் என்ற இனிப்பு ரொட்டியில் ஒரு துண்டு கிடைக்கும். நானும் வருஷா வருஷம் தின்றிருக்கிறேன். அதுவும் ஒரு லஞ்சம்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது.

ஆனால் அவள் மட்டும் தபாலில் போடமாட்டாள். தேர்தல் நாளன்று சாவடிக்கு நடந்து போய்ப் போட்டால்தான் அவளுக்கு ஓட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அவள் அப்பாவும் அப்படித்தானாம்.

இந்த முறை அவள் பேச்செல்லாம் தண்ணீர்க் குழாயைப் பற்றித்தான். எங்கள் தெருவுக்குள் வருகிற குழாய்கள் ஈயத்தால் ஆனவை. என் பக்கத்து வீட்டு ரொசால்பாவின் மகள் மாரிசோலுக்கு ஆறு வயது. அவள் ரத்தத்தில் ஈயம் இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. போன வருஷம் எழுதிய எழுத்துகளை இந்த வருஷம் மறக்கிறாள். குழாயை மாற்ற செனட்டர் ஹோல்கம் பணம் வாங்கித் தந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நேரிலேயே வந்து நின்று கைதட்டல் வாங்கினார். தோண்ட வேண்டிய இடங்களில் ஆட்கள் நீலச் சாயத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு மண்வெட்டியும் வரவில்லை.

சீட்டு வந்த அன்று ரொசால்பா தயங்கினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"மிஸ் ஐரீன், கடைசி நாள் வரைக்கும் பாத்துட்டுப் போடுறேனே. அந்தாளு மேல என்னென்னமோ பேசிக்கிறாங்க."

"பேசுறவங்க வந்து உன் வீட்டுக் குழாய மாத்துவாங்களாடி? அவரு தோத்தா அந்தக் கோடுதான் மிச்சம். நான் சொல்றேன்ல, ஒட்டு."

ரொசால்பா ஒட்டினாள்.

ஒன்பது நாள் கழித்து ஹோல்கம் மேல் குற்றப்பத்திரிகை வந்தது. குழாய் வேலை முழுவதையும் தன் மச்சான் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்து, கைமாறாகக் கடற்கரையில் ஒரு வீடு எழுதி வாங்கிக்கொண்டாராம். வேலை முடிந்துவிட்டதாகக் கணக்குக் காட்டிய தெருக்களின் பட்டியலைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். மூன்றாவது பெயர் டானரி தெரு. நான் அதைப் படித்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நீலக் கோடு அப்படியே இருந்தது.

சாயங்காலத்துக்குள் பாதித் தெரு ஐரீன் வீட்டு முன்னால் கூடிவிட்டது. எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான், அனுப்பிய ஓட்டைத் திரும்ப வாங்கித் தர வேண்டும். மறுநாள் அவள் பேருந்துக்கு லீவு போட்டுவிட்டு மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"வந்து சேந்த உறையத் திருப்பித் தர முடியாதும்மா. சட்டத்துல இடமில்ல" என்றார் அங்கிருந்தவர்.

"அவங்க தெரியாமப் போட்டது. நான்தான் போட வச்சேன். என் ஓட்ட எடுத்துக்கோங்க, அவங்களோடத குடுத்துடுங்க."

"அப்பிடில்லாம் மாத்திக்க இது என்ன சந்தையா?"

ஹோல்கம் ஆபீசுக்கும் போன் போட்டாள். எல்லாம் அரசியல் பழிவாங்கல் என்றார்கள். கையோடு, ஆலைத் தெருவில் கதவு தட்ட ஆள் குறைகிறது, வர முடியுமா என்றும் கேட்டார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

தேர்தல் நாளன்று எங்கள் சாவடியான தீயணைப்பு நிலையக் கூடத்தில் வாக்காளர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எட்டுத் தேர்தலாக என் வேலை அது. மத்தியானம் ரொசால்பா வந்தாள். மெஷினில் மறுபடி ஓட்டுப் போட்டால் பழையது ரத்தாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் பெயருக்கு நேரே 'தபால் ஓட்டு வந்தது' என்று அச்சடித்திருந்தது. புத்தகத்தைத் திருப்பி அவளிடம் காட்டினேன்.

"முடியாதும்மா ரொசால்பா. என்னோடதும் அப்பிடித்தான் போச்சு."

அவள் சுவரோரமாகப் போய் நின்றாள். வரிசையில் அடுத்த ஆள் ஐரீன். அவள் பெயருக்கு நேரே எதுவும் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டேன்.

பொத்தானை அமுக்கினால் மெஷின் குருவி மாதிரி ஒரு சத்தம் போடும். நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். நாலைந்து நிமிஷம் ஆயிற்று. சத்தம் வரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு ஐரீன் வெளியே வந்தாள்.

"ஐரீன், பொத்தான அமுக்கலியே நீ" என்றேன்.

"தெரியும் பெவ். அவங்க யாருக்கும் இல்லாதது எனக்கு மட்டும் எதுக்கு?"

ரொசால்பா சுவரை விட்டு நகர்ந்து அவள் எதிரில் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெருவுலயே மிச்சமிருந்தது உன்னோடது ஒண்ணுதான், ஐரீன். அதையாவது என் பொண்ணுக்காகப் போட்டிருக்கக் கூடாதா?"

ஐரீன் மெஷின் பக்கம் திரும்பினாள். அதற்குள் வேறொருத்தர் உள்ளே போயிருந்தார். வெளியே வந்தவரைத் திரும்ப அனுப்ப விதியில் இடமில்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டியவளும் நான்தான். சொன்னேன்.

ஹோல்கம் ஜெயித்துவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது, குழாய் அப்படியே கிடக்கிறது. ரொசால்பா இப்போது மகளைப் பேருந்தில் ஏற்றாமல் பள்ளிக்கு நடத்தியே கூட்டிப்போகிறாள், ஒன்றரை மைல். காலையில் ஐரீனின் பேருந்து அவர்கள் வீட்டு முன்னால் வந்து நிற்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் காத்திருக்கிறாள். பிறகு மூடிக்கொண்டு போகிறாள்.