ஜெயா அக்காவுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று

செய்தி வந்தபோது நான் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் காலை ஷிப்டில் இருந்தேன். செல்பேசியில் எங்கள் சினிமாக் குழுவின் பெயர் தெரிந்தது. விருதுப் பட்டியலைப் பற்றி யாரோ மறுபடியும் சண்டையைக் கிளப்பிவிட்டார்கள் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். டீ நேரத்தில்தான் பார்த்தேன். நெட்டப்பாக்கத்தில் கரும்பு போடும் நண்பர் கலியமூர்த்தி எழுதியிருந்தார்: "ஜெயா அக்கா காலையில இறந்துட்டாங்க. மாரடைப்பு. பாகூருக்கு வா." நான்கு மாதமாக நான் அக்காவிடம் பேசவில்லை. டீயைக் கையில் பிடித்தபடி நின்றேன், குடிக்கவில்லை.

உங்களில் பலருக்கு அவர் பாகூர் கடைத்தெருவின் உரக்கடை ஜெயலட்சுமி. நெல்லில் என்ன பூச்சி என்று கேட்டுப் போயிருப்பீர்கள். எங்கள் ஆறு பேருக்கு அவர் வேறு ஆள். ஞாயிறு மதியம் கடையைச் சாத்தியதும் பின்னாலிருக்கும் குடோன் எங்கள் தியேட்டராகிவிடும். வெள்ளையடித்த சுவர்தான் திரை, யூரியா மூட்டைதான் பால்கனி. இருந்தது ஒரே ஃபேன், அதுவும் புரொஜக்டருக்கு. "நமக்கு வேர்க்கலாம்பா, அதுக்கு வேர்க்கக் கூடாது" என்பார். வீடு திரும்பினால் என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொள்வாள்: "இன்னா, சினிமா பாத்துட்டு வரியா, மருந்தடிச்சிட்டு வரியா?"

விருதுக்குப் பரிந்துரையான படங்களின் பட்டியல் வந்ததும், அத்தனையையும் வாராவாரம் பார்த்து, அடித்துக்கொண்டு, கடைசியில் நாங்களே ஒரு விருது கொடுப்போம். வாங்கியவருக்குத் தெரியாத விருது. அக்காவுக்கு ஓர் இயக்குநர் என்றால் உயிர். அவர் படத்தில் யாரும் லேசில் வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்கு வேறொரு இயக்குநர்; என் ஆள் படத்தில் கிளைமாக்ஸ் என்றால் மழை கொட்டும்.

"ஒன் ஆளு படத்துக்குக் கொடையோட போவணும்டா ஏழுமல."

"உங்க ஆளு படத்துக்குத் தலகாணியோட போவணும்க்கா."

சண்டைக்கு அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. "திட்டறதுக்கு மின்னாடி அதுல புடிச்சது ஒண்ணு சொல்லு. அப்பறம் எவ்ளோ வேணா திட்டு." ஒருமுறை ஒரு படு மட்டமான படத்துக்குக் கலியமூர்த்தி தலையைச் சொறிந்துவிட்டு, "டைட்டில்ல எழுத்து பெருசா இருந்துச்சு, கண்ணாடி இல்லாமலே படிச்சேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "அதுவும் ஒருத்தன் ஒக்காந்து செஞ்ச வேலதானபா" என்றார்.

இந்த முறை பட்டியலில் அக்காவின் ஆள் படம் இருந்தது. என் ஆள் படம் இல்லை. எனக்கு வயிற்றெரிச்சல், ஒத்துக்கொள்கிறேன். அக்காவின் ஆள் படம் போட்ட ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, கடைசி வரிசை மூட்டையில் சாய்ந்தேன். கதாநாயகி பஸ்ஸிலிருந்து இறங்கியது நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தால் விளக்கு எரிகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்து, அரைமணி நேரம் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டேன்.

"புடிச்சது ஒண்ணு சொல்லு" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணு கூடவா?"

"அது படமே இல்லன்றேன்!"

அவர் குரலை உயர்த்தவில்லை. "அப்ப நீ படத்த பாக்கல. பாத்துட்டு வந்து சொல்லுபா."

எனக்குச் சினிமாவே தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டதாகப் பட்டது. "ஒங்க குடோனும் வேணாம், ஒங்க சகவாசமும் வேணாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் ஒரு செய்தி அனுப்பினார்: "பாத்தியாபா?" ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலுக்கு வெளியே கலியமூர்த்தியிடம் உண்மையைச் சொன்னேன். அன்று நான் தூங்கிவிட்டேன் என்று. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீ கொறட்ட வுட்டது எல்லாருக்குந்தான் தெரியும். ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்துக்கிறான், எழுப்பாதீங்கன்னு அக்காதான் ஃபேன ஒன் பக்கம் திருப்பி வெச்சாங்க. நடுவுல மிஷினு சூடாயி படம் நின்னுடுச்சி. அது ஆற வரிக்கும் நாங்க குந்திக்கினு இருந்தோம். அப்பவும் ஃபேன திருப்பலயே அவங்க."

ஐயோ! அரைமணி நேரம் நான் முழங்கியதை அத்தனை பேரும் தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடோனே சிரித்திருக்கும், என் மானம் போயிருக்கும். சொல்லவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வா என்று வழி மட்டும் விட்டிருக்கிறார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறு ஞாயிறு அக்காவின் மகள் எங்கள் ஆறு பேருக்கும் குடோனைத் திறந்துவிட்டார். ஃபேனைப் புரொஜக்டர் பக்கம் நானே திருப்பி வைத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு காட்சி. ஆஸ்பத்திரியில் கதாநாயகியின் புருஷன் செத்துப்போகிறான். அவள் வெளியே வந்து, வாசலில் கிடக்கும் குவியலில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்கிறாள். நாலடி நடக்கிறாள். திரும்பி வந்து, அவன் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள். ஒரு வசனம் கிடையாது. படம் முடிந்ததும் எழுந்து நின்று, "எனக்குப் புடிச்சது அந்தச் செருப்பு" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த விதியைத்தான். இப்போது ஷிப்டில் ஒருவரைத் திட்ட வாயெடுத்தால், அவர் செய்ததில் நல்லது ஒன்றை முதலில் தேடுகிறேன். தேடுவதற்குள் பாதிக் கோபம் போய்விடுகிறது.

அக்கா, அன்று நான் தூங்கிவிட்டேன். இப்போது பார்த்துவிட்டேன். பிடித்தது ஒன்றும் சொல்லிவிட்டேன். உங்கள் விதிப்படி இனித் திட்டலாம். கடைசி அரைமணி நேரம் சரியான இழுவை, அக்கா. இல்லை என்று சண்டைக்கு வாருங்கள்.