தண்ணீர் பிடித்து முடியவில்லை, மேடம்

கொரோனா முடிந்து கல்லூரிகளை மறுபடி திறந்தார்களே, அதற்கு அடுத்த வருடம் நடந்தது இது. நான் அப்போது நர்சிங் டிப்ளமா மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் கல்லூரி. மூன்று மாடிக் கட்டடம். கீழே வகுப்பு, மேலே விடுதி. மூன்று வருடத்தையும் சேர்த்தால்கூட எண்பது பெண்கள் தேறமாட்டோம். என் வீடு கொருக்குப்பேட்டையில். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஆனாலும் எல்லாரும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

விடுதி வாழ்க்கை என்றால் எங்களுக்குத் தண்ணீர்தான். காலை நாலரைக்கு எழுந்து பக்கெட்டை வரிசையில் வைக்க வேண்டும். போர் தண்ணீர் மஞ்சளாக வரும். பத்து நிமிடம் விட்டால் ஆறிய டீயின் மேல் ஆடை படிவதுபோல ஒன்று படியும். அதில் துவைத்துத் துவைத்து எங்கள் வெள்ளைச் சீருடை பழுப்பாகிவிட்டது. குடிப்பதற்கு மாடிக்கு இரண்டு கேன். மதியத்துக்குள் காலி. அதற்குப் பிறகு மெஸ்ஸில் அண்டாவில் இருக்கும் தண்ணீர்தான். கொதிக்க வைத்தது என்பார்கள். அடுப்பில் அந்த அண்டாவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

நோயாளிகளுக்குச் சுத்தமான தண்ணீர் கொடுப்பதைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு, மேலே போய் அந்தத் தண்ணீரைக் குடிப்போம். மாணவர் தலைவி நான்தான். இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தேன். 'பார்க்கலாம்' என்றார்கள்.

என் அறையில் என்னோடு மணலி புதுநகரைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். முதல் வருடத்திலிருந்து பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரு வாரமாக வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை. கண்ணைப் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. மஞ்சள் காமாலை. அவள் அம்மா வந்து ஆட்டோவில் கூட்டிப் போனார். போன வாரம் வரை என் தோளில் சாய்ந்து சிரித்தவள், படியிறங்க முடியாமல் இரண்டு பேர் தாங்கலில் போனாள்.

அவள் போன இரண்டாவது வாரம், கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. அவ்வளவுதான், கல்லூரியே கல்யாண வீடாகிவிட்டது. வாசலில் பூந்தொட்டிகள் இறங்கின. நூலகத்தில் நாங்கள் பார்த்தே இராத புத்தகங்கள் அடுக்கப்பட்டன. இரண்டு புது ஆசிரியைகள் வந்தார்கள். அவர்கள் பெயரை எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மெஸ் வராந்தாவில் ஆள் உயரத்துக்கு ஒரு ஆர்.ஓ. மெஷின் வந்து நின்றது. பளபளவென்று ஸ்டீல், இரண்டு குழாய். நாங்கள் அதைச் சுற்றி நின்று கைதட்டினோம். கடைசியில் மனு வேலை செய்துவிட்டது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். அவர்களோடு சுற்றி வந்து பதில் சொல்ல என்னைத்தான் நிறுத்தினார் பிரின்சிபால் மேடம். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறாமல் வரும். குழுவில் ஒரு வயதான அம்மா. மெஷினில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் அறைக்கு வந்தவர் மடித்த போர்வையோடு இருந்த காலிக் கட்டிலைப் பார்த்து நின்றார்.

"இங்க யாரும்மா?" என்று தமிழிலேயே கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் யோசிக்கக்கூட இல்லை.

"அவங்க அக்காவுக்குக் கல்யாணம் மேடம். ஊருக்குப் போயிருக்கா."

"காமாலை, வயித்துப்போக்குன்னு யாருக்காவது வந்துதா?"

"இல்ல மேடம்."

அவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். அவர்கள் போனதும் பிரின்சிபால் மேடம் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று மெஸ்ஸில் சிக்கன். நானும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயந்திரம் மணலியிலிருந்து போன் வந்தது. உடம்பு தேறிவிட்டது, ஆனால் அம்மா அனுப்ப யோசிக்கிறார், தண்ணீர் மாறியதா என்று கேட்டாள். நான் உற்சாகமாக, "புது மெஷினே போட்டுட்டாங்க. அம்மா கிட்ட குடு, நான் சொல்றேன்" என்றேன். அவள் அம்மாவிடம் நானே பொறுப்பேற்பதுபோலச் சொன்னேன். திங்கள்கிழமை கொண்டுவந்து விடுவதாக அவர் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. மருத்துவமனைப் பணி கிடையாது. காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு மீன்பாடி வண்டி, சரக்கு ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள், வந்து நின்றது. நாற்பது வயது இருக்கும் ஒருவர் ஸ்பேனர் பையோடு இறங்கி நேராக மெஸ் வராந்தாவுக்கு வந்தார்.

"நவுரும்மா. மெஷினை எடுத்துகினு போவணும்."

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"கடைக்குதான். ரெண்டு நாள் வாடகைன்னு சொல்லிகீறாங்க."

பூந்தொட்டிகள் காலையிலேயே போய்விட்டன. புத்தகங்கள் மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. சிரித்துக்கொண்டே கடந்துவிடக்கூடிய விஷயங்கள் அவை. ஆனால் திங்கள்கிழமை ஒருத்தி வரப்போகிறாள். நான் சொன்னதை நம்பி வரப்போகிறாள். கல்லீரல் இன்னும் முழுசாக ஆறாத ஒருத்தி.

சண்டை போடவெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கையில் பாட்டில் இருந்தது. குழாய்க்கு அடியில் வைத்துத் திருகினேன்.

"தண்ணி புடிச்சிக்கிறேண்ணா. முடிஞ்சதும் எடுத்துக்கோங்க."

எனக்குப் பின்னால் நின்றிருந்த என் வகுப்புப் பெண்ணைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் டம்ளரோடு வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. ஐந்து நிமிடத்தில் வரிசை மெஸ்ஸைத் தாண்டிப் படிக்கட்டு வரை போய்விட்டது. ஆளுக்கு ஒரு டம்ளர்தான். பிடிப்பது, அங்கேயே நின்று குடிப்பது, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்பது. யாரும் கோஷம் போடவில்லை. முதல் வருடப் பெண்கள் சிலருக்கு எதற்காக நிற்கிறோம் என்றே தெரியாது. தண்ணீர் நன்றாக இருந்தது, நின்றார்கள்.

வார்டன் மேடம் வந்து கத்தினார். "என்ன விளையாட்டு இது? எல்லாரும் மேலே போங்க!"

"தண்ணீர் பிடிச்சு முடியல மேடம்" என்றேன். அதையே வரிசையில் ஒவ்வொருத்தியும் சொன்னாள். அவர் அந்த மெஷின்காரரிடம் திரும்பி, "நீங்க கழட்டுங்க" என்றார்.

மெஷின்காரர் சுற்றிப் பின்பக்கம் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே வரும் குழாயில் சின்ன நீல வால்வு ஒன்று இருந்தது. அதைத் திருகி மூடினால் போதும். அரைமணி நேரத்தில் உள்ளே இருக்கும் தொட்டி காலியாகிவிடும், எங்கள் வரிசையும் கலைந்துவிடும். அவர் கை அதன்மேல் போய்விட்டது.

நான் அண்ணா என்று கூப்பிட்டேன். சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீரோடு வரிசையில் ஒருத்தி வைத்திருந்த பாட்டிலை வாங்கி நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் சுளித்தது.

"இதையா குடிக்கிறீங்கோ? இன்னாம்மா இது, இம்மாம் கலீஜா கீது. நாளைக்கு ஊசி போட வர்ற புள்ளைங்க நீங்கோ."

"என் தோஸ்து காமாலையில வூட்டுல படுத்துகினு கீறாண்ணா. திங்கக்கெழம வர்றா."

மூன்று வருடமாக அந்தக் கட்டடத்துக்குள் நான் அப்படிப் பேசியதே இல்லை. வீட்டுப் பேச்சு வாயில் வந்தால் டியூட்டர்கள் முகம் மாறும் என்று அடக்கி வைத்திருந்தேன். அன்று தானாக வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். வால்வைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, வார்டனிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"உள்ள டாங்க்ல தண்ணி கீது மேடம். அப்டியே தூக்குனா மெஷினு பூடும். காலியாவட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது தண்ணியப் பொறுத்து மேடம்" என்று சொல்லிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தார்.

வால்வு திறந்தே இருந்தது. நாங்கள் பிடிக்கப் பிடிக்கத் தொட்டி நிரம்பிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு மணி ஆனது, ஒரு மணி ஆனது. வயிறு தண்ணீரால் உப்பி, கழிவறைக்கும் வரிசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தோம். அடக்க முடியாமல் சிரித்தோம். மெஷின்காரருக்கு முதலாளி போன் செய்தார். "காலியாவல மொதலாளி, இன்னா பண்ண சொல்றீங்கோ" என்று அவர் பொறுமையாகச் சொல்வது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

இரண்டு மணிக்கு பிரின்சிபால் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நேற்று தட்டிக்கொடுத்த அதே மேடம். என் ஹால் டிக்கெட் தன் கையில்தான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

"மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு."

எங்கள் கல்லூரியில் அது வழக்கம். தாமதமாக வந்தாலும் கடிதம், சத்தமாகச் சிரித்தாலும் கடிதம். நானே பத்துக்கு மேல் எழுதியிருப்பேன். தாளோடு வராந்தாவுக்கு வந்தேன். எதற்கு மன்னிப்பு என்று யோசித்தபோது, மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியம் ஒன்று உண்மையிலேயே நான் செய்திருந்தது நினைவுக்கு வந்தது.

ஆய்வுக் குழுவுக்கு என்று பெறுநர் எழுதினேன். அறிவிப்புப் பலகையில் முகவரி இருந்தது. 'நேற்று தங்களிடம் பொய் சொன்னேன். காலியாக இருந்த கட்டில் கல்யாணத்துக்குப் போனவளுடையது அல்ல, மஞ்சள் காமாலை வந்தவளுடையது. தாங்கள் குடித்த தண்ணீர் எங்களுக்கு வருவதில்லை. அந்த மெஷின் வாடகைக்கு வந்தது. இப்படிப் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துப் போட்டேன். வரிசையில் நின்றவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒவ்வொருத்தியாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். என் வகுப்பில் ஒருத்தி மட்டும், "என் பேரு வேணாம்டி, அப்பா படிப்ப நிறுத்திடுவாரு" என்றாள். ஆனால் வரிசையை விட்டுப் போகவில்லை. அதுவரை மூன்று லிட்டராவது குடித்திருப்பாள்.

கடிதத்தை மேடமின் மேசையில் வைத்தேன். நின்றபடி படிக்க ஆரம்பித்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை அனுப்பப் போறியா?"

"மெஷின் போனா அனுப்புவோம் மேடம். இருந்தா அனுப்ப மாட்டோம்."

எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒருவேளை தைரியமே இல்லை, திங்கள்கிழமை பயம்தான். யோசித்தால் அதிலும் ஒரு பேரம் இருந்தது. உண்மையை நான் பாதி விலைக்கு விட்டுக்கொடுத்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

நாலரை மணிக்கு மெஷின்காரருக்கு அவர் முதலாளியிடமிருந்து மறுபடி போன் வந்தது. கேட்டுவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"இங்கியே கெடக்கட்டுமாம். மாச வாடகைக்குப் பேசிட்டாங்களாம்." காலி வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் திரும்பி, "வாராவாரம் பில்டர கழுவ சொல்லும்மா, வுட்டா அதுவும் கலீஜாயிடும்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். பெயரைக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பிறகு பில்டர் மாற்ற வேறு ஆள்தான் வந்தார். ஆறு மணி நேரம் ஒரு வால்வை மூடாமல் விட்டதற்காக அவருக்குக் கடையில் என்ன திட்டு விழுந்ததோ தெரியாது.

என்னைச் சும்மா விடவில்லை. தலைவி பதவி போனது. இன்டர்னல் மதிப்பெண்ணில் கை வைத்தார்கள். அம்மாவை வரச் சொன்னார்கள். துணிக் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்த அம்மா முழுதும் கேட்டுக்கொண்டு, "தண்ணி கேட்டதுக்கா மேடம் கூப்டீங்கோ? நான் இன்னாவோ ஏதோன்னு பேஜாராயி ஓடியாறேன்" என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் அந்த மெஷினில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார்.

திங்கள்கிழமை அவள் வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். எல்லாவற்றையும் நானே சொன்னேன். இல்லாத அக்காவின் கல்யாணத்தைக் கேட்டு முதலில் சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"நான் வாந்தி எடுத்துகினு கெடந்தப்போ, நீ என்னைக் கல்யாண வூட்டுக்கு அனுப்பிட்டே."

இரண்டு நாள் பேசவில்லை. நான் மெஷினுக்காக நின்றதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் காலை என்னை உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டாள்.

இப்போது நான் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். இங்கும் அதிகாரிகள் வருவதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். திமிர் பிடித்தவள், ஒத்துப்போகத் தெரியாதவள் என்று பெயர் வந்துவிட்டது. வரட்டும். பொய் சொல்லி நல்ல பெயர் வாங்கிய அந்த ஒரு நாளே எனக்குப் போதும். மிச்ச நாளெல்லாம் கெட்ட பெயரோடே இருந்துகொள்கிறேன்.