எஸ்தர் அக்காவை நீக்கியவர்கள் கொண்டுவந்த மாலை

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய தங்கை மேரி போன் செய்தபோது, உத்திரமேரூரில் என் கடையில் ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அக்கா பூட்டாங்கண்ணா. குரூப்புல சொல்லிடுங்க," என்றார் மேரி. கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு எங்கள் ரசிகர் குழுவைத் திறந்தேன். நிர்வாகிகள் மட்டுமே பதிவிட முடியும் என்று அதற்குச் சில நாள் முன்புதான் மாற்றியிருந்தார்கள். அந்தக் குழுவைத் தொடங்கியவர் காவாந்தண்டலத்தில் செத்துக் கிடக்கிறார். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது. அஞ்சலிக் கட்டுரை என்றால் அடக்கமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுடையது ஒரு பழைய பின்னணிப் பாடகியின் ரசிகர் குழு. அந்த அம்மாவின் பெயரை இந்தச் சண்டைக்குள் இழுக்க எனக்கு மனமில்லை. அக்கா நடவுக்கும் களையெடுக்கவும் கூலிக்குப் போனவர்; பிறகு வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். அங்கே சாப்பாட்டு நேரத்தில் அவர் போனில் பாட்டுப் போட, கூட உட்கார்ந்து முணுமுணுத்த பெண்களைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். அவர்களின் உறவினர்கள் வந்தார்கள், உறவினர்களின் நண்பர்கள் வந்தார்கள், மும்பையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நான் ஒரு வாடிக்கையாளர் சொல்லி உள்ளே போனவன்.

பாட்டைப் பற்றி அக்காவுக்கு அப்படியொன்றும் தெரியாது. இந்தப் படத்துப் பாட்டை அந்தப் படத்தில் கொண்டுபோய்ப் போடுவார். இசையமைப்பாளரை மாற்றிச் சொல்வார். குழுவில் வைத்த ஒரு போட்டியிலும் அவர் ஜெயித்ததில்லை. யாராவது திருத்தினால், "அப்டியா? நல்லதாப் போச்சு. அந்தப் பாட்டக் கொஞ்சம் பாடிக் காட்டு நைனா," என்பார். திருத்த வந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டே பாடுவார். அதுவரை வாயே திறக்காத நாலு பேர் அவர் பாடியதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். இப்படித்தான் அந்தக் குழு கலகலவென்று இருந்தது.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. புதிதாக வருகிறவர் அந்த அம்மாவின் பாட்டை முதன்முதலில் எங்கே கேட்டார் என்று தன் குரலில் சொல்ல வேண்டும்; பழைய ஆட்களில் ஒருவராவது குரலிலேயே பதில் சொல்ல வேண்டும். கட்டைவிரலையோ கைதட்டும் படத்தையோ போட்டுவிட்டு நழுவக் கூடாது. நான் ஒருமுறை நழுவினேன். உடனே போன் வந்தது. "இன்னா நைனா, ஒருத்தரு வந்து வாசல்ல நிக்கிறாரு, நீ பொம்மையக் காட்டிட்டுப் போற? பொம்மைக்கு வாய் இல்ல. உனுக்குக் கீது இல்ல? பேசு."

ராஜகுளத்து முனுசாமி ஐயா கதை பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். அவர் சேர்ந்ததோடு சரி, ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டத்தை மீறுகிறார், நீக்கிவிடுங்கள் என்று சிலர் குதித்தார்கள். "வெளிய அனுப்பறதுக்கு மின்ன ஒரு போன் பண்ணிக் கேக்கணும்," என்று சொல்லி அக்கா போன் செய்தார். ஐயாவின் மருமகள்தான் எடுத்தார். தொண்டையில் ஆபரேஷன் செய்ததில் ஐயாவுக்குப் பேச்சு போய்விட்டது, ஆனால் தினமும் குழுவில் வருவதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்கிறார் என்றார். அக்கா வந்து குழுவில் சொன்னார்: "கேக்கறவரும் நம்ம ஆளுதான். எல்லாரும் பேசிக்கினே இருந்தா யாரு கேக்கறது?" மறுநாள் ஐயாவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. குரல் இல்லை. அந்த அம்மாவின் ஒரு பாட்டுக்குச் சரியான தாளத்தை எவர்சில்வர் டம்ளரில் தட்டி அனுப்பியிருந்தார். அன்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தட்டி அனுப்பினோம்.

குழு பெருத்ததும் சென்னையிலிருந்து ஒருவர் ஒருங்கிணைப்பாளர் என்று வந்து சேர்ந்தார். வாட்ஸ்அப் போதாது, வேறொரு செயலிக்கு மாறலாம் என்றார். அக்கா நம்பினார், எல்லோரையும் அவரே போன் போட்டு அங்கே கூட்டிப்போனார். போன கொஞ்ச நாளில் அக்காவின் நிர்வாகிப் பொறுப்பு சத்தமில்லாமல் காணாமல் போனது. நாங்கள் கேட்டபோது அக்கா, "வுடு, படிச்சவங்க பாத்துக்குவாங்க," என்றுவிட்டார். பிறகு பங்கேற்பை ஊக்குவிக்கிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. அதிகம் பதிவு போடுகிறவருக்கு நட்சத்திரப் பட்டம். ஒரு மாதம் எதுவும் போடாதவர் தானாகவே நீக்கப்படுவார். பட்டத்துக்காக ஆட்கள் காலை வணக்கப் படங்களைக் கொட்டினார்கள். ஊக்குவிப்பதாம்! பேச வைப்பதற்கும் விரட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு எதற்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர்?

அக்கா சிறுநீரகம் கெட்டு அரசு மருத்துவமனையில் படுத்தது அதன் பிறகுதான். நான் பார்க்கப் போனபோது போனை என்னிடம் நீட்டினார். "இத்தக் கொஞ்சம் பாரு நைனா, ரிப்பேரு போல. குரூப்பே காணோம்." போன் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதம் அவர் எதுவும் போடவில்லை. அவர் தொடங்கிய குழுவிலிருந்து அவரையே எடுத்துவிட்டிருந்தார்கள். வராந்தாவுக்குப் போய் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன்.

"சார், அது சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா பண்றது. லிங்க் அனுப்பறேன், அவங்கள மறுபடி அப்ளை பண்ணச் சொல்லுங்க. பார்த்து அப்ரூவ் பண்றோம்," என்றார்.

"யாரப் பத்தின்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்று கத்தினேன். ஒரு நர்ஸ் வந்து என்னை அதட்டினார்.

திரும்பி வந்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "என் வூட்டுக்குள்ள போவ நானே மனு குடுக்கணுமா?" என்றார். அதற்கு மேல் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ராஜகுளத்து ஐயா உள்ள கீறாரா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், அவரும் இல்லை. அவர் தட்டி அனுப்பும் தாளத்தைச் சத்தம் என்று புகார் செய்து முன்பே நிறுத்த வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. "போன் பண்ணிக் கேட்டாங்களா அவர? கேட்டுட்டுத்தான் தூக்குனாங்களா?" என்றார் அக்கா. கேட்கவில்லை என்றேன். அப்போதுதான் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு ஐயாவுக்குப் போன் போடச் சொன்னார். பேச மூச்சு போதவில்லை. கட்டில் கம்பியில் ஸ்பூனால் மெல்லத் தட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து டம்ளர் சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் குழுவை மறுபடி பார்க்காமலேயே அக்கா போய்விட்டார். சாவு செய்தியை நாங்கள் சிலர் பிரித்துக்கொண்டு, தெரிந்த எண்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னோம். காவாந்தண்டலத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். யாருடைய முகமும் யாருக்கும் தெரியாது. ஒருவர் வாயைத் திறந்து நேரம் கேட்டதும், "நீங்க செய்யாறு சாந்திதானே!" என்று இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேரை இப்படிக் குரலால் கட்டி வைத்தவரைத்தான் பங்கேற்பு போதாது என்று தூக்கினார்கள்.

ஒருங்கிணைப்பாளரும் வந்தார். குழுவின் பெயர் பொறித்த பெரிய மாலை. கூடவே படம் எடுக்க ஓர் ஆள். அதற்குள் குழுவில் 'எங்கள் மூத்த உறுப்பினர் மறைவு' என்று படம் போட்டுவிட்டார்கள். பதில் எழுதும் இடம் அப்போதும் மூடியே இருந்தது. மாலையோடு பெட்டி அருகே வந்தவரை மேரி கைநீட்டித் தடுத்தார்.

"இன்னா மாலை இது?"

"குழு சார்பா, மேடம்."

"எந்தக் குழு? எங்க அக்கா உங்க குழுவுலயே இல்லியே. நீங்கதான தூக்கிட்டீங்க? அவ படுத்துக்கினு இருந்தப்ப ஒரு போன் பண்ணி, கீறியா செத்தியான்னு கேட்டீங்களா? இப்ப செத்தது மட்டும் தெரிஞ்சிதா?"

அவர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். ஒருவரும் பேச விடவில்லை. மாலையைத் தூக்கிக்கொண்டு காருக்குத் திரும்பினார். அடக்கம் நடக்கும் இடத்தில் இப்படிப் பேசலாமா என்று பிறகு ஓரிருவர் முணுமுணுத்தார்கள். பேசலாம். மேரி பேசியதில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். யாராவது நாலு நாள் சத்தமில்லாமல் இருந்தால் கடை வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போன் செய்து "இன்னா, ஆளக் காணோம்?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல் பேசுகிறார்கள். அக்காவின் பெரிய மனசு மட்டும் எனக்கு வரவில்லை. அவர் இருந்திருந்தால், "அந்த ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரு போன் பண்ணு நைனா, பாவம், அவமானப்பட்டுப் போனாரு, எப்டி கீறாரோ," என்று கட்டாயம் சொல்லியிருப்பார்.

மாட்டேன், அக்கா.