தோணா இருந்த வீடு

நேற்றைய மழையில் தரையோடுகளுக்கு இடையிலிருந்து சேற்று மணம் வந்தது, பாருங்கள், அறுபதுகளில் நாங்கள் நண்டு பிடித்த தோணாவின் அதே மணம். மழைத் தண்ணீரை வாவிக்குக் கொண்டுபோன அந்தச் சிற்றோடையைப் பட்டினத்துக் குப்பையால் நிரப்பித்தான் அப்பா இந்த வீட்டைக் கட்டினார். அந்த மாரியிலேயே பின்வளவுச் சீமோன் மாமாவின் குடிசை இடுப்பளவு தண்ணீரில் நின்றது. பிள்ளைகளை ஏற்றிய தோணியை எங்கள் மதிலில் முட்டி நிறுத்தி, "கதவைத் துற மச்சான், தோணாவால வாவிக்குப் போகணும்" என்று சிரித்தார். பிள்ளைகள் நடுங்கினார்கள். அப்பா சிரிக்கவில்லை. அலவாங்கால் புது மதிலை இடித்து, முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டார். தண்ணீர் எங்கள் சாமியறையைக் கடந்து, யாரிடமும் வழி கேட்காமல், வாவிக்குப் போனது. அதற்குப் பிறகு எந்த மாரியிலும் அந்த இரண்டு கதவுகளையும் நாங்கள் சாத்தியதில்லை.